‘வெறும் அமெச்சூர்’: ஒரு சொல்லின் நூற்றாண்டு

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில், லாரி பேக்கர் வடிவமைத்த செந்நிற வட்டக் கட்டடத்தில் இந்தியன் காஃபி ஹவுஸ் இயங்கி வருகிறது. உள்ளே தரை சுருளாக மேலேறிச் செல்லும். வெளிச்சுவரை ஒட்டி மேசைகள் படிப்படியாக உயரும். சில வாரங்களுக்கு முன்பு, நகரில் நடந்த மூன்று நாள் சதுரங்கப் போட்டி முடிந்த ஞாயிறு மாலை, அங்கே ஒருவருடன் அமர்ந்திருந்தேன். ஐம்பது வயதைக் கடந்தவர்; அரசு அலுவலகம் ஒன்றில் பணி. நான்காம் சுற்றில் என்னைத் தோற்கடித்தவர். அவருக்குக் கொல்லம் செல்லும் ரயில், எனக்கு நாகர்கோவில் பேருந்து. இரண்டுக்கும் நேரம் இருந்ததால் அன்றைய ஆட்டத்தை மீண்டும் அடுக்கிப் பார்த்தோம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவர் போட்டிகளில் ஆடி வருகிறார். நான் விளையாடிய திறப்பின் பதினோராம் நகர்த்தலில் செய்த பிழையை, இதே பிழையைத் தாம் எப்போது, எந்த ஊரில் செய்தார் என்பதோடு சேர்த்துச் சொன்னார். நான் வியந்தபோது, “ஞான் வெறும் அமெச்சூர்” என்று கூறிவிட்டுக் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். ‘வெறும்’ என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. எனவே அது என் காதில் இரண்டு முறை விழுந்தது போலிருந்தது. அமெச்சூர் என்ற சொல்லின் முன்னே இந்த ‘வெறும்’ எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? இப்பதிவு அக்கேள்விக்கான விடையைத் தேடும் ஒரு சிறு முயற்சி.

1. இடம் மாறும் யானை

சொற்கள் இடம் மாறுவதற்குச் சதுரங்கப் பலகையிலேயே சான்று உண்டு. அன்று மாலை அவர், “ஆனையை அங்கே நிறுத்தியிருக்கலாம்” என்றபோது நான் மூலையில் நின்ற காயைத் தொட்டேன். அவர் குறிப்பிட்டதோ மூலைவாட்டில் செல்லும் காயை. குமரி மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு மூலையில் நிற்பது யானை. மலையாளத்தில் அது தேர். மலையாளத்தின் ‘ஆன’ தமிழ்ப் பாடநூல் வழக்கில் அமைச்சர் ஆகிறது. மலையாளத்தின் ‘மந்திரி’ தமிழில் அரசி ஆகிறது. பாரசீகம் வழியாக மேற்கே சென்ற மரபில் மூலைவாட்டுக் காயின் பெயர் யானைதான். அரபியின் ‘அல்-ஃபீல்’ ஸ்பானிய மொழியில் ‘அல்ஃபில்’ என நிலைத்தது. ருஷ்ய மொழியில் அக்காய் இன்றும் ‘ஸ்லோன்’, அதாவது யானை. இவ்வகையில் கொல்லத்துக்காரர் மாஸ்கோக்காரருடன் ஒத்துப் போகிறார்; இவ்வளவு அருகில் வசிக்கும் என்னுடன் ஒத்துப் போவதில்லை.

1956 நவம்பர் 1 வரை குமரியும் தம்பானூரும் ஒரே அரசியல் எல்லைக்குள் இருந்தவை. அப்படியிருந்தும் பெயர்கள் ஒன்றாகவில்லை. இந்த ஆட்டம் நெடுங்காலம் திண்ணைகளிலும் அரண்மனைகளிலும் கோயில் மண்டபங்களிலும், பொது விதிநூல் எதுவுமின்றிக் கைமாறி வந்தது என்பதற்கு இப்பெயர் வேறுபாடும் ஒரு தடயம். அவ்வுலகில் அமெச்சூரும் இல்லை, தொழில்முறை ஆட்டக்காரரும் இல்லை. ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவே போதுமானதாக இருந்தது.

2. காதலரிலிருந்து பெயரற்றவர் வரை

‘அமெச்சூர்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் லத்தீனின் ‘அமாத்தோர்’, பொருள், நேசிப்பவர். ஒரு கலையையோ ஆட்டத்தையோ அதன் மீதுள்ள நேசத்தினால் மேற்கொள்பவர் என்பதே முதற்பொருள். அதில் திறமைக் குறைவு பற்றிய குறிப்பு ஏதுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதுரங்க ஏடுகளைப் புரட்டினால் இச்சொல்லின் இன்னொரு பயன்பாடு தென்படும். பால் மார்ஃபி போன்ற மேதைகளின் புகழ்பெற்ற ஆட்டங்கள் பலவற்றில் எதிராளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அமெச்சூர்’ என்றோ, ‘என்.என்.’ என்றோ மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். வென்றவருக்குப் பெயர் உண்டு. தோற்றவருக்கு ஒரு வகைப்பெயர் மட்டுமே. ஆட்டத்தின் பாதி நகர்த்தல்களைச் செய்தவர் அந்தப் பெயரற்றவர்தான். அவர் அத்தவறைச் செய்யாமலிருந்தால் அந்த அழகிய பலியும் நிகழ்ந்திராது. இருப்பினும் ஆவணத்தில் அவர் ஒரு பொதுப்பெயராகச் சுருங்கிப் போனார். சொல்லின் சரிவு இங்கே தொடங்குகிறது என்று கருதுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு நிறுவன மதிப்பு ஒன்று கிடைத்தது. 1924இல் பாரிஸில், ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்த அதே ஆண்டில், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பிறந்தது. அங்கே நடந்த போட்டியில் வென்ற லாட்வியாவின் ஹெர்மானிஸ் மாட்டிசன்ஸ் அமெச்சூர் உலகச் சாம்பியனாக அறியப்பட்டார். 1928இல் தி ஹேக் நகரில் அப்பட்டத்தை வென்றவர் நெதர்லாந்தின் மாக்ஸ் யூவ். இங்கே அமெச்சூர் என்பதன் வரையறை பிழைப்பைச் சார்ந்தது: ஆட்டத்தை வைத்துச் சோறு உண்ணாதவர் அமெச்சூர். எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பது வரையறைக்குள் வரவில்லை.

யூவ் கணித முனைவர். ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். 1935இல் அலெக்சாண்டர் அலெகினை வென்று உலகச் சாம்பியன் ஆனார். 1937இல் மறுபோட்டியில் அப்பட்டத்தை இழந்தார். அந்த இரண்டாண்டு காலமும் உலகின் தலைசிறந்த சதுரங்கப் பட்டத்தை ஓர் ஆசிரியர் வைத்திருந்தார். ‘வெறும் அமெச்சூர்’ என்ற தொடர் 1936இல் பொருளற்றது.

3. சபாவும் பலகையும்

தமிழுக்கு இச்சொல் சதுரங்கத்தின் வழியாக வரவில்லை. நாடகத்தின் வழியாக வந்தது. 1891இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபை, கற்றவர்களும் அலுவலர்களும் தம் மாலை வேளைகளில் நாடகம் நடத்திய அமைப்பு. அதன் உயிர்நாடியாக விளங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர்; பின்னர் நீதிபதி. தொழில்முறை நாடகக் கம்பெனிகளிலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டவே அவர்களுக்கு ‘அமெச்சூர்’ என்ற சொல் தேவைப்பட்டது. அச்சொல் அங்கே ஒரு சமூக மதிப்பாகவே விளங்கியது. கூத்தாடிகள் என்று கம்பெனி நடிகர்களை இகழ்ந்த சமூகத்தில், அந்த மதிப்புக்குள் வர்க்கப் பெருமிதமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சொல் சென்னையின் அலுவலக ஊழியர்களிடம் வந்து சேர்ந்தது. ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தை எழுதி மேடையேற்றிய கே. பாலசந்தர் அப்போது கணக்காயர் அலுவலக ஊழியர். பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. ‘அமெச்சூர் குழு’ என்று விளம்பரத்தில் அச்சிட்டுக்கொள்வதில் எவரும் கூச்சப்படவில்லை. இதே அலுவலக உலகத்திலிருந்துதான், அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டுச் சதுரங்கமும் எழுந்து வந்தது.

4. இரண்டு சொற்களுக்கும் வெளியே ஒருவர்

அதற்கு முன்பு ஒரு படியை நினைவுகூர வேண்டும். இந்திய மரபு விதிகளும் ஐரோப்பிய விதிகளும் வெவ்வேறானவை. இந்திய முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் பொதுவாக ஒரு கட்டமே செல்லும். அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போல் பாயலாம். கடைசி வரிசையை அடையும் காலாள் என்னவாக மாறும் என்பதிலும் வேறுபாடு உண்டு. 1814இலேயே திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவர் ஐரோப்பிய முறைக்கு ஏற்பத் தழுவி எழுதிய சதுரங்க நூல் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட காலம் அது.

அம்மொழிபெயர்ப்பைத் தம் கைகளாலேயே செய்தவர் பஞ்சாபின் மீர் சுல்தான் கான். இந்திய முறையில் வளர்ந்து, இளைஞரான பிறகு ஐரோப்பிய விதிகளைக் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலவுடைமையாளரின் பரிவாரத்தில் ஒருவராகவே அவர் இங்கிலாந்து சென்றார். புரவலர் நாடு திரும்பியபோது அவரும் திரும்பினார். உலக அரங்கில் பிறகு ஆடவில்லை. அவரை அமெச்சூர் என்பதா, தொழில்முறையாளர் என்பதா? ஆட்டத்தினால் அவர் பொருளீட்டவில்லை. தம் நேரத்துக்கு உரிமையாளராகவும் இருக்கவில்லை. அமெச்சூர் என்ற சொல் தனக்கென ஒரு மாலைப்பொழுதை வைத்திருப்பவருக்கே பொருந்தும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கியது 2024இல். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்பு.

5. கடைசி இடம்

விடுதலைக்குப் பிறகான இந்தியாவில் அந்த மாலைப்பொழுதைச் சம்பளம் தந்தது. அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல் உருவானது. முதல் தேசியச் சாம்பியன்ஷிப் 1955இல் ஆந்திரத்தின் ஏலூரில் நடந்தது. 1956இல் மாஸ்கோ ஒலிம்பியாடில் இந்திய அணி முதன்முறையாகப் பங்கேற்றது. இந்தக் காலகட்டத்தின் மையத்தில் நிற்பவர் மானுவேல் ஆரோன்.

பர்மாவின் டவுங்கூவில் 1935 டிசம்பர் 30 அன்று பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டம் பெற்றவர், பின்னர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் பணியாற்றியவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசியச் சாம்பியன். தமிழ்நாட்டுச் சாம்பியன் பதினொரு முறை. 1961இல் மங்கோலியாவின் சுகேன் மோமோவை 3–1 என்றும், ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3–0 என்றும் வென்று இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரரும் அவரே.

அந்த வெற்றிகள் அவரை 1962இன் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் நகருக்கு அழைத்துச் சென்றன. உலகச் சாம்பியன்ஷிப்புக்கான இன்டர்ஸோனல் போட்டி, 23 வீரர்கள், ஒவ்வொருவரும் 22 ஆட்டங்கள், ஒரு மாதத்துக்கும் மேல் நீண்ட தொடர். பாபி ஃபிஷர் ஒரு தோல்வியுமின்றி 17½ புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். ஆரோன் 4 புள்ளிகளுடன் 23ஆம் இடம், அதாவது கடைசி இடம். ஆனால் அந்த 4 புள்ளிகளுக்குள் ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனையும் வீழ்த்திய இரண்டு வெற்றிகள் அடங்கும். இருவரும் அக்காலத்தின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள்.

இந்த முடிவை நான் பல முறை யோசித்ததுண்டு. போர்டிஷையும் ஊல்மனையும் வெல்லத் தெரிந்தவர் கடைசியாக வருவது எப்படி? விடை அவருடைய திறமையில் இல்லை. அவர் வந்த சூழலில் இருக்கிறது. சோவியத் வீரருக்குப் பின்னால் பயிற்சியாளரும் நூலகமும் ஆண்டு முழுவதும் சமவலிமையுள்ள எதிராளிகளும் இருந்தனர். இந்தியாவில் வேறொரு சர்வதேச மாஸ்டர்கூட அன்று இல்லை. ஓர் ஆட்டத்தில் ஒரு மேதையை வெல்வதற்குத் திறமை போதும். தொடர்ந்து இருபத்திரண்டு ஆட்டங்கள் தாங்குவதற்கு ஓர் அமைப்பு தேவை. அமெச்சூரிடம் இருந்தது முன்னது மட்டுமே.

அந்த அமைப்பை உருவாக்கும் பணியில் ஆரோன் பின்னர் பெரும்பங்கு ஆற்றினார் என்பதே வரலாற்றின் முக்கியமான பகுதி. 1972இல் சென்னையின் சோவியத் கலாச்சார மையத்தில் மிகயில் டால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே பலகைகளும் சோவியத் நூல்களும் கிடைத்தன; மாலை நேரத்தில் எதிராளி கிடைத்தார். ஆட்டக்காரரே ஆசிரியர், அமைப்பாளர், பத்திரிகைப் பத்தியாளர், சங்க நிர்வாகி ஆகிய வேலைகளையும் செய்தார். இந்தியாவின் இரண்டாவது சர்வதேச மாஸ்டரான வி. ரவிகுமார் 1978இல்தான் வந்தார். பதினேழு ஆண்டு இடைவெளி. டால் கழகத்தில் ஆடி வளர்ந்த சிறுவர்களுள் ஒருவரான விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2014இல் விஜய் பண்டிட்டுடன் இணைந்து இந்தியச் சதுரங்க வரலாற்றை ஒரு பெருநூலாக ஆரோன் வெளியிட்டார். தாமே வாழ்ந்த வரலாற்றைத் தாமே எழுதவும் வேண்டியிருந்தது.

யார் அமெச்சூர் என்பதைக் காட்டிலும், யாருக்கு ஆட இடம் உண்டு என்ற கேள்வியும் அதே காலத்தில் எழுந்தது. 1976இல், பதின்மூன்று வயது ரோகிணி காடில்கர் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆடியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பி உயர்நீதிமன்றம் வரை சென்றது. பெண்களைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புரைத்த அன்றைய ஃபிடே தலைவர், நாம் முன்பு சந்தித்த அதே கணித ஆசிரியர் மாக்ஸ் யூவ்.

6. எண்ணாக மாறிய சொல்

இனி, ‘வெறும்’ ஒட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன்.

1970இல் ஃபிடே, ஆர்பாட் ஈலோ வகுத்த ரேட்டிங் முறையை ஏற்றுக்கொண்டது. ஈலோ இயற்பியல் பேராசிரியர். தாமும் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரர். தொடக்கத்தில் ஆண்களுக்கான உலகப் பட்டியலின் அடிமட்டம் 2200. அதற்குக் கீழே ஆடியவருக்கு உலகப் பட்டியலில் எண் கிடையாது. என் கொல்லத்து நண்பரைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போட்டிகளில் ஆடியும் அனைத்துலகப் பதிவேட்டில் இல்லாதவர்களாக இருந்தனர். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அடிமட்டம் படிப்படியாகக் குறைந்து, 2012இல் 1000 ஆனது. இலட்சக்கணக்கானோர் ஒரே பட்டியலுக்குள் வந்தனர். பெயரற்ற ‘என்.என்.’ முதன்முறையாகப் பெயரும் எண்ணும் பெற்றார். இதை ஒரு மக்களாட்சி நிகழ்வாகவே கருத வேண்டும்.

அதே வேளையில் வரையறையும் மாறியது. இன்று ஃபிடே நடத்தும் உலக அமெச்சூர் சாம்பியன்ஷிப்பின் பிரிவுகள் 2300, 2000, 1700 என்ற ரேட்டிங் வரம்புகளால் அமைகின்றன. பிழைப்புக்காக என்ன செய்கிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் எண் என்ன என்பதே கேள்வி. 1924இன் அளவுகோலில் அமெச்சூர் என்பது தொழில் பற்றிய செய்தி. இன்றைய அளவுகோலில் அது உயரம் பற்றிய செய்தி. பக்கவாட்டில் நின்ற சொல் கீழே இறங்கிவிட்டது. பொருண்மையியலில் இழிபொருட்பேறு என்று நாம் வகுப்பில் படிக்கும் மாற்றத்துக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. தமிழில் ‘நாற்றம்’ அடைந்த கதியை இங்கே நினைவுகூரலாம்.

இந்த எண் அன்றாடத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். 1750 ரேட்டிங் உள்ள ஒரு நடுவயது ஊழியர், 1450 உள்ள பத்து வயதுச் சிறுமியுடன் ஆடுகிறார். 300 புள்ளி வேறுபாட்டுக்கு ஈலோ அட்டவணை எதிர்பார்ப்பது 0.85 புள்ளி. ஊழியரின் மாறுபாட்டுக் கெழு 20 எனக் கொண்டால், வென்றால் அவருக்கு 3 புள்ளி கூடும். சமன் செய்தால் 7 குறையும். தோற்றால் 17 குறையும். அச்சிறுமி ஆறு மாதமாக நாள்தோறும் நான்கு மணி நேரம் பயிற்சி செய்து வருகிறாள். அவளது உண்மையான வலிமை 1750ஐ எட்டியிருக்கலாம். எண் மட்டும் பின்தங்கியிருக்கிறது. அப்படியானால் அந்த ஊழியர் சமமான ஒருவருடன் ஆடி, சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 7 புள்ளிகளை இழந்துகொண்டே இருப்பார். அவர் மோசமாக ஆடவில்லை. பட்டியல்தான் தாமதமாக வருகிறது.

இச்சரிவைச் சரிசெய்யவே 2024 மார்ச்சில் ஃபிடே அடிமட்டத்தை 1400 ஆக உயர்த்தியது. 2000க்குக் கீழிருந்தோருக்கு, 2000த்திலிருந்து அவர்கள் பின்தங்கியிருந்த தொலைவில் 40 விழுக்காட்டை ஒரே முறையாகக் கூட்டியது. முந்தைய நாள் 1500 ஆக இருந்தவர் மறுநாள் 1700. ஒரே இரவில் எவரும் நன்றாக ஆடக் கற்றுக்கொள்ளவில்லை. எண் என்பது மனிதரின் இயல்பு அன்று, ஒரு நிர்வாக ஏற்பாடு என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்ள இயலாது. ஆயினும் மண்டபத்தின் கதவில் ஒட்டப்படும் பேரிங் தாளில் பெயருக்கு அருகில் நிற்பது அந்த எண்தான். நம்மை நாமே அறிமுகம் செய்துகொள்ளும்போது முதலில் வாயில் வருவதும் அதுதான்.

7. மூன்று நாள்கள்

போட்டிக்குச் செல்லாதவர்களுக்காக, அந்த மூன்று நாள்கள் எப்படிப்பட்டவை என்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு விடுப்பு எடுத்தாக வேண்டும். தம்பானூரில் இறங்கி, நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் மலிவான ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொள்வர். ஒருவருக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். ஓர் ஆட்டம் நான்கு மணி நேரம் வரை செல்லும். நாளுக்கு இரண்டு ஆட்டங்கள். கைப்பேசி நடுவரிடம். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். சுவிஸ் முறையில் தோற்றவரும் வெளியேறுவதில்லை. அடுத்த சுற்றில் தம்மைப் போலவே தோற்ற ஒருவரைச் சந்திக்கிறார். 1895இல் சூரிச்சில் முதன்முதலாகப் பயன்பட்ட அம்முறை, தோற்பவர்களுக்கும் ஞாயிறு மாலை வரை ஓர் இருக்கையை ஒதுக்கியது. அமெச்சூர் போட்டி வாழ்வின் அடித்தளமே அதுதான்.

பரிசுத்தொகை நுழைவுக் கட்டணத்தை மீட்டுத் தருவது அரிது. திங்கட்கிழமை அலுவலகத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. பிறகு ஏன் ஆடுகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலோரிடம் தயாரான விடை இல்லை. நான்கு மணி நேரம் வேறொருவரின் சிந்தனைக்கு முழுமையாகச் செவிசாய்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் வேறெங்கும் கிடைப்பதில்லை என்பது என் விடை.

திருச்சூர் மாவட்டத்தின் மரோட்டிச்சால் கிராமம் இதன் இன்னொரு முனை. மதுவிலும் சூதாட்டத்திலும் சிக்கிய தம் ஊரில், தேநீர்க் கடை நடத்தி வந்த சி. உண்ணிகிருஷ்ணன் பலகையை விரித்து வைத்துக் கற்றுக்கொடுத்தார். காலப்போக்கில் ஊரே ஆடத் தொடங்கியது. அங்கே எவரும் தம்மை ‘வெறும் அமெச்சூர்’ என்று சொல்லிக்கொள்ளக் காரணம் இல்லை. ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க எண் இல்லை.

கேரளத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஜி.என். கோபால் 2007இல் வந்தார். இந்தத் திருவனந்தபுரத்தின் எஸ்.எல். நாராயணன் 2015இல் அப்பட்டத்தைப் பெற்று, 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியாவின் முதல் அணியில் ஆடினார். திருச்சூரின் நிகால் சரின் அதே ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இரண்டாம் அணியில் இருந்தார். நாட்டில் கிராண்ட்மாஸ்டர்களின் எண்ணிக்கை எண்பதைக் கடந்துவிட்டது. இச்சாதனைகளை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். ஆனால் எந்தக் கிராண்ட்மாஸ்டரும் தம் ஏழாம் வயதில் கிராண்ட்மாஸ்டர்களுடன் ஆடி வளர்வதில்லை. வார இறுதி மண்டபங்களில், விடுப்பு எடுத்து வந்த ஊழியர்களிடம் முதலில் தோற்று, பிறகு அவர்களை வென்றே வளர்கிறார்கள். குழந்தையிடம் இழந்த ஒவ்வொரு 17 புள்ளியும் ஒரு வகையில் அக்குழந்தையின் கல்விக்கு ஊழியர் செலுத்திய கட்டணம்.

8. தாள்கள்

அமெச்சூர்கள் விட்டுச் செல்லும் ஒரே எழுத்துச் சான்று ஸ்கோர் ஷீட். ஒவ்வொரு நகர்த்தலையும் ஆட்டக்காரரே தம் கைப்பட எழுத வேண்டும் என்பது விதி. மேல்தாள் அமைப்பாளரிடம் செல்லும். கார்பன் நகல் ஆட்டக்காரரிடம் தங்கும். 1981க்குப் பின் ஃபிடே ஏற்பது இயற்கணிதக் குறியீட்டை மட்டுமே. அதற்கு முந்தைய தாள்களில் பழைய விவரணக் குறியீடு இருக்கும். அந்த மாற்றத்தை ஓர் ஊரின் கைகள் எவ்வாறு கற்றுக்கொண்டன என்பதை அத்தாள்கள் மட்டுமே காட்ட முடியும். ஓரங்களில் மீந்த நேரம், அடித்துத் திருத்திய நகர்த்தல்கள், நேர நெருக்கடியில் சிதைந்துபோகும் கையெழுத்து ஆகியவையும் உண்டு. மொழி மாணவர்களாகிய நாம் இதை ஓர் ஆவணத் தொகுதியாகப் பார்க்கத் தவறிவிட்டோம்.

மேல் மேசைகளின் ஆட்டங்கள் கணினித் தரவுத்தளங்களுக்குள் செல்கின்றன. முப்பதாம் மேசையின் தாள்கள் போட்டி முடிந்த இரவே பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. அன்று மாலை நானும் என் தாளைக் கசக்கி மேசையோரம் வைத்திருந்தேன், தோற்ற ஆட்டம்தானே. அவர் அதை எடுத்து, கையால் நீவி, நான்காக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தம்முடைய தாள்கள் அனைத்தும் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன என்றார். முப்பது ஆண்டுகள். பெரும்பாலானவை தோல்விகள் என்று சிரித்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெறும் தாள்கள் அல்ல என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அவை தாள்கள்தாம், கரையான் அரிக்கக்கூடிய தாள்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தந்தையிடமோ அத்தையிடமோ அண்டை வீட்டு ஓய்வுபெற்ற ஊழியரிடமோ, 1990க்கு முந்தைய ஸ்கோர் ஷீட்டுகள், போட்டி அழைப்பிதழ்கள், கழக ரசீதுகள், காய்களின் பெயர்களைத் தமிழிலோ மலையாளத்திலோ குறித்த குறிப்பேடுகள் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். தெரிவித்தால் நேரில் வந்து, அவர்கள் இசைவுடன் படியெடுத்துக்கொள்கிறேன். வென்ற ஆட்டமா தோற்ற ஆட்டமா என்பது பொருட்டில்லை. தோற்றவரின் பெயர் தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் கொல்லம் செல்கிறேன். தகரப் பெட்டியைத் திறந்து காட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்பு ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.